ஓரெஸ்டுக்குப் போன பதில்

செல்போனைக் கம்பியில்லாமல் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ள நல்ல காரணங்கள் நிறைய உண்டு, கான்ஸ்டபிள். கேபிளைத் தேடி இழுப்பறையைக் குடைய வேண்டாம். படங்களைப் பெரிய திரையில் பார்க்கலாம். என் தங்கை தோராவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். போனில் உள்ள பொடி எழுத்துகளைத் தொட்டு அவளால் சேதி எழுத முடியாது, கம்ப்யூட்டரில் என்றால் சாவகாசமாகத் தட்டலாம். நூலகத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து நான்தான் இணைத்துக் கொடுத்தேன். "நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். அதைக் கேட்க எனக்கு இனித்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோரா கணவன் இறந்தபின் ஏரிக்கரை ஊரான இந்தக் கிம்லிக்கு, எங்கள் அப்பா வீட்டுக்கே, திரும்பி வந்தாள். ஒன்பது வருடம் இருவரும் குறையில்லாமல் இருந்தோம். அப்புறம் ஓரெஸ்ட் வந்தார். மனைவியை இழந்தவர், நாங்கள் ஐஸ்லாந்து வம்சம் என்றால் அவர் உக்ரைன்காரக் குடும்பம், பூண்டு மணக்கும் சாஸேஜும் கையுமாகத்தான் படியேறுவார்.

"ஏன் லாகா, ஐஸ்லாந்துக்காரங்க சிரிக்கணும்னா பர்மிட் வாங்கணுமா?" என்று என்னைச் சீண்டுவார். தோரா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜனவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்தே சொன்னார்கள். வசந்தம் வந்ததும், இரண்டு நாள் கார் ஓட்டிப் போக வேண்டிய கெலோனாவுக்குக் குடிபோகிறார்களாம். "நீயும் வாயேன்க்கா, கோடையில ரெண்டு வாரம்" என்றாள் தோரா. மிச்சம் ஐம்பது வாரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போனுக்கு வருகிற சேதியெல்லாம் அவள் பக்கத்தில் இல்லாதபோதும் கம்ப்யூட்டரில் தெரியும் என்பது தோராவுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் வாரத்திலிருந்தே படித்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்ல மாட்டேன். காப்பியை வைத்துக்கொண்டு, பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்தேன். அவர் என்னை "உன் வார்டன்" என்று எழுதுவார். இதைச் சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது, இதற்குப் பிறகு சொல்லப்போவதைவிடவும்கூட.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் விற்பனைக்கு வினார்தெர்த்தா கேக் சுடப் போயிருந்தாள் தோரா. போனைச் சமையலறையில் சார்ஜில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மதியம் ஒன்று நாற்பதுக்குத் திரையில் ஓரெஸ்டின் சேதி வந்தது.

"ஏரியில மாட்டிக்கிட்டேன். ஸ்னோமொபைல் கிளம்பல. மீன்பிடிக் குடில்லதான் இருக்கேன், ஹீட்டர்ல கேஸ் தீரப்போகுது. வெளியே ஒண்ணுமே தெரியல. போன் பண்ணினா லைன் போக மாட்டேங்குது, சேதி மட்டும்தான் போகுது. தாராஸ் சேதியெல்லாம் பார்க்க மாட்டான், நீ கூப்பிட்டுச் சொல்லி அவனை அனுப்புறியா? இல்ல வேற யாருக்காவது எழுதட்டுமா?"

தாராஸ் அவருடைய அண்ணன் மகன். கரையிலேயே வீடு, அங்கிருந்து உறைந்த ஏரியின்மேல் நிற்கும் குடிலுக்குப் பனிவண்டியில் இருபது நிமிடம். அன்று குளிர் மைனஸ் முப்பத்தொன்று. நான் தோராவின் பெயரில் பதில் தட்டினேன். "சொல்லிட்டேன். கிளம்பிட்டான். குடிலை விட்டு நகராதே."

அவர்களுக்குள் ஒரு சண்டை வரவேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. இரண்டு மணி நேரம் விறைத்தபடி காத்திருப்பார், கோபம் வரும், கெலோனா தள்ளிப்போகும். மூன்று மணிக்குத் தாராஸைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன். உடனே அவரிடமிருந்து இன்னொன்று வந்தது. "தங்கமே. குளிர்ல போன் அணையப் போகுது. நகர மாட்டேன்." மூன்று சேதிகளையும் கம்ப்யூட்டரில் அழித்தேன். அங்கே அழித்தால் போனிலும் அழிந்துவிடும். அதுவும் ஒரு வசதி.

தோரா இரண்டரைக்கே வந்துவிட்டாள். "ஓரம் கருகினது எல்லாம் நமக்குத்தான்க்கா, நல்லது காசுக்குப் போயிடுச்சு" என்று பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று அடித்தது. நான் வீட்டு போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் தாராஸ் கேட்கிற முதல் கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். தோரா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மாறுவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன். "யாருக்குக்கா?" என்றாள். "யாருக்குமில்ல" என்றேன். சீட்டாடினோம். இரண்டு ஆட்டம் நான் ஜெயித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனிப்புயலில் பக்கத்து வீட்டு வேலி தெரியாமல் போயிருந்தது.

ஞாயிறு காலை தாராஸ் அவரைக் கண்டுபிடித்தான். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம், கதவைப் பார்த்தபடி.

நீங்கள் அவருடைய போனைச் சார்ஜ் போட்டீர்கள். அதில் தோராவின் பதில் இருந்தது. "நான் எழுதலையே" என்றாள் உங்களிடம். அன்று போனை எடுத்துப் போனீர்களா என்று நீங்கள் கேட்டதற்கு அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை; எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. நீங்கள் போனபின் தன் போனில் அந்தப் பதிலைத் தேடித் தேடிப் பார்த்தாள். அப்புறம், "அம்மாவுக்கு மறதி எத்தனை வயசுலக்கா ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள். "அறுபத்தெட்டு" என்றேன். அது உண்மைதான். தோராவுக்கு அறுபத்தேழு.

பக்கத்து ஊரான செல்கர்க்கில் டாக்டர் மறதிச் சோதனைக்காக ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வாதம் பிடித்த விரலில் பேனா நிற்காமல், எண்களெல்லாம் ஒரே பக்கம் விழுந்தன. அன்றே கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். தாராஸ் அவளைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறான், அவள் தலைகுனிந்து நிற்கிறாள். தட்டுக் கழுவும்போது, "நான்தான்க்கா கொன்னுட்டேன், எனக்கு ஞாபகம்கூட இல்ல" என்பாள். நான் தட்டை வாங்கித் துடைத்து வைப்பேன். ஒரு வருடமாக இப்படித்தான். அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன வாரம் எனக்குத் தெரியாமலே செல்கர்க் முதியோர் காப்பகத்தில் இடம் கேட்டிருக்கிறாள். "உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்க்கா" என்கிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை எழுதியது நான், லாகா பியார்னசன். ஓரெஸ்டைச் சாகவிட்டது நான். என்ன தண்டனையோ கொடுங்கள், தடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். காப்பக வண்டி நாளை ஒன்பது மணிக்கு வருகிறது. அதற்குமுன் தோராவிடம் சொல்லிவிடுங்கள். தன் நினைவில் கோளாறில்லை என்று தெரிந்துவிட்டால் அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை, என்னோடு வீட்டிலேயே இருந்துவிடலாம்.