முப்பத்திரண்டு வெள்ளை எழுத்துகள்

மீன்களுக்கு ஒரு வேளைகூடத் தீனி போட நான் மறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கையும் அவள் கணவரும் நான்கு நாள் வெளியூர் போனபோது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது அதற்காகத்தான். மொத்தம் ஏழு மீன்கள். அவர்கள் திரும்பி வந்தபோது ஏழும் கொழுகொழுவென்று இருந்தன.

நடுவர் ஐயா, எங்கள் மாதிரிக் கார் சங்கத்தின் போட்டிக்குப் பதினோரு வருடமாகத் தீர்ப்புச் சொல்பவர் நீங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாண் நீளக் கார், கோட்டுப் பொத்தான் அளவு டயர், அதன் பக்கவாட்டில் கம்பெனிப் பெயராகப் புடைத்து நிற்கும் எட்டு எழுத்து. மேட்டில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் ஏற வேண்டும், பள்ளத்தில் ஒரு பொட்டுக்கூட விழக்கூடாது. நான் பல் செட் செய்கிறவன். நான்கு டயருக்கு முப்பத்திரண்டு எழுத்து என்பது எனக்கு ஒரு முழு வாய்க்குச் சமம். பல்குத்தும் குச்சியின் நுனியைச் சீவி, மூச்சை அடக்கி, எழுத்துக்கு மூன்று தொடுதல். ஒன்பது வருடம் கோப்பை என் வீட்டைவிட்டு வேறெங்கும் போனதில்லை.

மாப்பிள்ளைக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததும் நான்தான். பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவர் வேலை. தங்கமான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் டயருக்கு வெள்ளை ஏற்றிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. குச்சி கிடையாது, பூதக்கண்ணாடி கிடையாது, வாயில் பாட்டு வேறு. குளியலறை ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, வெள்ளையில் தொட்டு, முக்கால்வாசியைப் பழைய காகிதத்தில் ஒற்றிவிட்டு, டயரில் லேசாக வைத்து எடுப்பார். எட்டு எழுத்தும் பளிச்சென்று எழுந்து நிற்கும்.

"மச்சான், நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க? இப்படி ஒத்தி எடுத்தா வேலை முடிஞ்சுது" என்றார் ஒருநாள். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, போட்டிக்காக அவர் முடித்து வைத்திருந்த காரைச் சும்மா பார்த்தேன். முன்பக்க இடது டயரில் மூன்றாவது எழுத்து ஒரு மயிரிழை தடித்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் நினைத்தேன். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்ததில் எழுத்தே போய்விட்டது. வரிசையில் ஒரு பல் இல்லாத வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பார்க்கச் சகிக்காமல் மற்ற ஏழையும் எடுத்தேன். பிறகு ஒரு டயர் மொட்டையாகவும் மூன்று டயர் எழுத்தோடும் இருப்பது முறையாகத் தோன்றவில்லை. நாளுக்கு ஒரு டயர் என்று பதறாமல் செய்தேன். மூன்றாம் நாள் என் வேலை விளக்கைக்கூட எடுத்துக்கொண்டு போனேன்.

அழிந்ததை மறுபடி ஏற்ற வேண்டுமென்றால், டயரைக் கழற்றி வைத்துத்தான் அவரால் ஸ்பாஞ்சால் ஒற்ற முடியும். சக்கரங்களை அச்சோடு ஒட்டியாகிவிட்டது; மட்கார்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் நுழையாது. இதுவும் எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து வந்ததும் மாப்பிள்ளை சந்தேகப்பட்டது தங்கையை. கிளம்புகிற அன்று கார் இருந்த அலமாரியை ஈரத் துணியால் துடைத்தவள் அவள்.

"நான் காரைத் தொடவே இல்ல."

"அப்போ மீன் எழுந்து வந்து அழிச்சுதா?"

பேச்சு முற்றி, அவள் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வாரம் கண் வீங்க அழுதாள். கூடப்பிறந்தவள் அழுவதைப் பார்க்க எனக்கு மட்டும் மனசு கேட்குமா? நானே நடுவில் நின்று சமாதானம் பேசினேன்.

"ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடும்மா. அதோட முடிஞ்சுது."

"செய்யாததுக்கு எதுக்குண்ணா கேக்கணும்?"

"குடும்பம்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

பதினைந்தாம் நாள் விட்டுக்கொடுத்தாள். "ஆமா, நான்தான் தொடைச்சேன். போதுமா?" என்றாள். மாப்பிள்ளையும் அழுதார், அவளும் அழுதாள். "நீங்க இல்லன்னா எங்க வீடு ரெண்டாயிருக்கும் மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இதிலென்ன இருக்கிறது என்றேன்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டேன். அவர் அந்த மொட்டை டயரோடே காரைப் போட்டியில் வைத்தார். பக்கத்தில் ஓர் அட்டை: "டயர் சுத்தம்: என் மனைவி." எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தீர்கள். முதல் பரிசு வழக்கம்போல் எனக்குத்தான். கோப்பையைக் கொடுக்கும்போது உங்கள் கண் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. பிறகு மைக்கைப் பிடித்து ஒரு சிறப்புச் சான்றிதழ் அறிவித்தீர்கள்.

"புடைப்பு தேயல, ரப்பர்ல ஒரு கீறல் இல்ல, பள்ளத்துல துளி வெள்ளை தங்கல. இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல."

இந்த ஒன்பது வருடத்தில் என்னிடம் நீங்கள் சொன்னது "நல்லா இருக்கு" என்பது மட்டுமே. தங்கை தரையைப் பார்த்தபடி மேடையேறி அதை வாங்கிக்கொண்டாள்.

செய்யாத ஒன்றை அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். அண்ணன் என்ற முறையில் என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவளுக்காகத்தான் வந்தேன். அழித்தது நான். முப்பத்திரண்டையும் நான் ஒருவனேதான் அழித்தேன். மட்கார்டுக்கு அடியில் ஈரத் துணி போகுமா என்று நீங்களாவது யோசித்திருக்கலாம்.

மாப்பிள்ளையிடமோ தங்கையிடமோ இதைச் சொல்ல வேண்டாம். இப்போதுதான் சேர்ந்து சந்தோஷமாக இருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன். சான்றிதழில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.