ஓதாத தண்ணீர்

டீக்கு நன்றி, ஏட்டய்யா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் நூற்றுப்பதினாறு கையெழுத்து நூல்கள் இருந்தன. எங்கள் முப்பாட்டனார் சூஃபி ஞானி. அவரும் அவருடைய சீடர்களும் அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்தவை. அத்தா மௌத்தான பின் அவை அண்ணன் பஷீருக்கு வந்தன. அவருக்குத்தான் படிக்கத் தெரியும். எனக்கு அலிஃப், பே தாண்டாது. அண்ணனுக்கு வாணியம்பாடியில் வாத்தியார் வேலை. அதனால் சாவி என்னிடம். "கரையான் அண்டாமப் பாத்துக்கடா," என்றார். கரையான் அண்டவேயில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றெட்டு மழையில், காசிமேட்டில் மீன் விற்கும் மங்கை மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பாயி, மூணு நாளா புள்ளைக்கு ஜொரமா கீது. உங்க நைனா தட்டுல எழுதிக் கழுவிக் குடுப்பாரே, அத்த நீ குடு."

அத்தா பீங்கான் தட்டில் வசனம் எழுதிக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொடுப்பார். எனக்கு எழுத வராது. பிள்ளையோ நெருப்பாய்க் கொதித்தது. மாடிக்குப் போய் ஒரு நூலிலிருந்து ஓர் ஏட்டை உருவித் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். விளக்குக் கரியும் பிசினும் கலந்த பழைய மை. சொன்ன பேச்சுக் கேட்டுக் கரைந்தது. வெற்று ஏட்டை உலர்த்தி, இருந்த இடத்திலேயே செருகிவிட்டேன்.

மறுநாள் ஜுரம் இறங்கியது. நாலாம் நாள் அநேக ஜுரம் தானே இறங்கும், எனக்கும் தெரியும். ஆனால் மங்கை ஒரு வஞ்சிரத்தோடு வந்து, ஞானிகளை 'ஹஜ்ரத்' என்று மரியாதையாகக் கூப்பிடுவதுபோல, "அஜரத்து" என்று என் காலைத் தொட்டாள். துறைமுகத்தில் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் கிடந்தவனை அதுவரை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

பிறகு திருவொற்றியூர், எண்ணூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். காசு வாங்கவில்லை. தலைவலிக்குப் பொடி எழுத்து, முடக்குவாதத்துக்குப் பெரிய எழுத்து. வியாசர்பாடி யசோதராவுக்குப் பிள்ளையில்லை; பார்க்க லட்சணமாயிருந்த ஒரு பக்கத்தைக் கரைத்தேன். இரட்டைப் பிள்ளை. அந்த நூல் முழுக்கத் துறவறமாம், அண்ணன் பிற்பாடு சொன்னார்.

பெருநாளுக்கு அண்ணன் வந்தால் பட்டுத்துணியைப் பிரித்து, முதல் ஏட்டை முத்தமிட்டு, மறுபடி கட்டிவிடுவார். அதனால் முதல் ஏடுகளை மட்டும் நான் தொடவில்லை.

எட்டு வருஷம் ஓடியது. போன மாதம் அண்ணன், நூல்களைப் படமெடுக்கும் ஆட்களோடு வந்தார். இரண்டாவது ஏட்டைப் புரட்டினார். மூன்றாவதை. அடுத்த நூலை.

"எழுத்து எங்கடா?"

"குடிச்சிட்டாங்கண்ணே."

வெற்று ஏடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். படமெடுக்க வந்தவர்கள் சொல்லாமல் போய்விட்டார்கள். "ஒண்ணும் வீணாப்போகலண்ணே, எல்லாம் ஜனங்க வயித்துல பத்திரமா இருக்கு," என்று ஆறுதல் சொன்னேன். அதற்குத்தான் அவர் நேரே இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான்தான் கரைத்தேன். நூற்றுப்பதினாறையும். கையெழுத்துப் போடுகிறேன். மரியாதைக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பொய்.

ஒரேயொரு திருத்தம், ஏட்டய்யா. மேலே பெயரை வெறும் ஜக்கரியா என்று மொட்டையாகப் போட்டிருக்கிறீர்கள். முன்னால் 'ஹஜ்ரத்' சேர்த்துவிடுங்கள்.