படுத்துக் கிடந்த காசுகள்

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் இரண்டு பிளாஸ்க்குகளில் தேநீர் ஊற்றுவேன். என்னுடையதில் பால் உண்டு. நெவிலுடையதில் பால் கிடையாது, சர்க்கரை இரண்டு கரண்டி. போன சனிக்கிழமையும் அப்படித்தான் ஊற்றினேன்.

நீங்கள் இதைக் குறித்துக்கொள்வது தெரிகிறது. பெரிய விஷயம் இல்லை. பழக்கம்.

என் பெயர் மோரிஸ் பாஸ்க். வயது எழுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். எந்தக் குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மனைவி ஐலீன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் தனிமையில் வாடுகிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அப்படித்தான் எழுதி முடிப்பீர்கள். வீட்டில் வானொலி இருக்கிறது. பின்னால் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. ஞாயிறு முதல் வெள்ளி வரை யாரிடமும் பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. சனிக்கிழமை இருந்தது.

நெவில் லார்ட்டரை, மண்ணுக்கடியில் உலோகம் தேடுகிறவர்களின் டிடெக்டர் சங்கத்தில் சந்தித்தேன். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். சத்தமாகப் பேசுவான். லாம்பர்ட் என்ற விவசாயியின் பார்லி வயலில் தேடுவதற்கு இருவருமாகச் சேர்ந்து அனுமதி வாங்கினோம். லாம்பர்ட் இரண்டு நிபந்தனை போட்டார். மதிப்புள்ளது எது கிடைத்தாலும் பாதி அவருக்கு. தோண்டிய குழியை அப்போதே மூடிவிட வேண்டும். இரண்டாவதில்தான் அவர் கண்டிப்பு.

இருநூறு அடி இடைவெளியில் இருவரும் நடப்போம். காதில் ஹெட்போன் இருப்பதால் பேச முடியாது. அரை மணிக்கு ஒருமுறை ஒருவன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "ஏதாவது கெடச்சுதா?" என்று கத்துவான். மற்றவன், "குப்பைதான்" என்று கத்துவான். ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு முறை. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்.

இரண்டாம் குளிர்காலத்தில் அவனுக்கு இடுப்பில் உலோக மூட்டு வைத்தார்கள். நான்தான் மருத்துவமனைக்கு ஓட்டிப் போனேன், முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவன் மறுபடி வயலுக்கு வந்த முதல் சனிக்கிழமை, என் கருவியின் வட்டை அவன் தொடைப் பக்கம் நீட்டினேன். அது அலறியது. ஆடாதே, புதையல் என்றேன்.

"தோண்டிடாதடா, உத்தரவாதம் போயிடும்" என்றான்.

அந்த வேடிக்கையை நாங்கள் பலமுறை செய்திருக்கிறோம். அதன் பிறகு அவன் மண்டியிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் குழிகளையும் நானே தோண்டினேன், நானே மூடினேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்கு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்தவை தோட்டாவின் பித்தளை அடிகள், பொத்தான்கள், பியர் டப்பாவின் வளையங்கள், தேய்ந்துபோன ஒரு பென்னிக் காசு. நெவிலுக்குச் சலித்துவிட்டது. நியூசிலாந்தில் அவன் மகள் கேரன் இருக்கிறாள். கடல் தெரிகிற அறை ஒன்று அவனுக்காகக் கட்டி வைத்திருந்தாள். டிடெக்டரை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று வேலியோரம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும்போது கேட்க ஆரம்பித்தான்.

"நாலு வருசமா ஊர்க் குப்பையைப் பொறுக்கிட்டிருக்கோம், மோரிஸ். கவுன்சில்ல இதே வேலைக்குச் சம்பளம் தர்றான்."

பதில் சொல்வதைவிடச் செய்வது எனக்கு எளிது.

தபாலில் ரோமானியக் காசுகள் வாங்கினேன். வெளிநாட்டு வியாபாரி, சிறு பை. அந்தச் செம்புக் காசுகள் யாரும் நினைப்பதைவிட மலிவு. பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, லாம்பர்ட்டின் வயல் களிமண்ணைப் பூசி, அதே மண் நிறைந்த பூந்தொட்டியில் ஒரு மாதம் புதைத்து வைத்தேன். பிறகு ஒரு புதன்கிழமை மதியம் வயலுக்குப் போனேன். ஒரு சாண் ஆழம். காசை வைத்து, விரலால் அழுத்தி, மூடினேன். நெவில் எப்போதும் இடது வேலியிலிருந்துதான் தொடங்குவான், பத்தாவது அடியில் ஒருமுறை நின்று மூக்கைச் சிந்துவான். எங்கே வைத்தால் தவறாது என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றினான். இடுப்பையும் மறந்து ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆயிரத்தெழுநூறு வருசம், மோரிஸ். எனக்காகக் காத்துக் கெடந்திருக்கு."

ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கொடுத்ததில்லை. ஐலீனுக்கும் கொடுத்ததில்லை. இதைக் குற்றம் என்று எழுதுவீர்களானால் எழுதுங்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஒன்றரை வருடத்தில் பதினொரு காசுகள். அருங்காட்சியகத்தில் இதற்கென்று இருக்கும் பெண்மணி ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். வரைபடத்தில் லாம்பர்ட்டின் வயல்மேல் ஒரு புள்ளி வைத்தார். நெவிலின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் நான் இருந்தேன். நியூசிலாந்துப் பேச்சு நின்றது. எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லையே என்று அவனுக்கு வருத்தம். "உனக்கும் ஒரு நாள் அடிக்கும், கிழவா" என்று இருமல் மிட்டாய் கொடுப்பான்.

பிறகு அருங்காட்சியகத்திலிருந்து நெவிலுக்கு ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். காசுகளைப் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததில், எழுத்துகளின் இடுக்கில், எங்கள் களிமண்ணுக்கு அடியில், வெளிறிய மணல் இருப்பதாகவும் அப்படிப்பட்ட மணல் இந்த நாட்டில் எங்கும் இல்லை என்றும் அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, காசுகள் கிடைத்த விவரம் எழுதிய குறிப்பேட்டோடு அவன் வந்தால் நல்லது என்று முடித்திருந்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வாங்கிப் புதைத்தவன் நெவில்தான் என்று அவர் நினைத்தார்.

நெவில் வேலியோரத்தில் அதை எனக்கு வாசித்துக் காட்டினான். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றான். அவன் முட்டாள் இல்லை. தூங்காத நேரத்தில் யோசித்திருந்தான்.

"எல்லாக் காசும் படுத்தே கெடந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரே ஆழம். வருசா வருசம் கலப்பை பொரட்டிப் போடுற மண்ணு இது. ஒண்ணாவது சாஞ்சு கெடக்க வேண்டாமா? ஒண்ணாவது குத்திட்டு நிக்க வேண்டாமா?"

யாரோ அவனை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்றான். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன் என்றான். சங்கத்து ஆட்களில் பொறாமைக்காரர்கள் யார் யார் என்று பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தான். நான் ஒவ்வொரு பெயருக்கும் யோசிப்பதுபோல் தலையாட்டினேன்.

அவன் சொன்னது சரி. முப்பத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவனுக்குக் கலப்பையைப் பற்றி என்ன தெரியும். ஆனால் குறை தெரிந்தால் திருத்திக்கொள்கிறவன் நான். அந்தப் புதன்கிழமை வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துப் போனேன். என்னிடம் இருந்த ஒரே வெள்ளி. ஆழத்தை மாற்றினேன். காசை நிமிர்த்தி, உண்டியலில் போடுவதுபோல் மண்ணில் செருகினேன். அது அவனுக்கு உதவும் என்று நினைத்தேன். குழியோடு படம் எடுத்து அந்தப் பெண்மணிக்குக் காட்டலாம்.

நவம்பர் மாதம். பனிமூட்டம். பத்தே முக்கால் இருக்கும். நெவில் கையைத் தூக்கினான். நான் மண்வெட்டியோடு போய்ச் சதுரமாக வெட்டி மண்ணைப் பெயர்த்தேன். குழியின் பக்கச் சுவரில் ஒரு கோடு தெரிந்தது, நகக்கீறல் அளவுக்கு.

"பாத்தியா, நிக்குது" என்றேன்.

அவன் இன்னும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் கொஞ்சம் முந்திவிட்டேன்.

நெவில் காசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். ஹெட்போனை முழுவதுமாகக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"அதை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றான்.

அவன் கோபப்படவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் சண்டை நடக்கவில்லை. ஏன் என்று கேட்டான். நீ போகிறேன் என்றாயே என்றேன். வேலிக்கு அப்பால் லாம்பர்ட்டின் டிராக்டர் சாலையில் போகிற சத்தம் கேட்டு, குறைந்து, நின்றது.

"பைத்தியக்காரா" என்றான். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பிறகு ஒரே ஒரு உதவி கேட்டான். திங்கட்கிழமை அவனோடு வந்து அருங்காட்சியகத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் பெயர் சுத்தமாக வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். சரி என்றேன். போயிருப்பேன். சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை நான். அதன் பிறகுதான், முந்தின இரவு கேரனிடம் பேசிவிட்டதாகவும் ஜனவரியில் கிளம்புவதாகவும் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். தோளில் தட்டினான்.

தட்டிவிட்டு, குழியை மூடக் குனிந்தான். இடது முழங்காலை முதலில் ஊன்றி, கையைத் தரையில் பதித்து, மெதுவாக. மண்டியிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு குழியைக்கூட அவன் மூடியதில்லை. அது என் வேலை. முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினான். நான் இல்லாமலும் அவனால் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்வெட்டி என் கையில் இருந்தது. நல்ல மண்வெட்டி, துருப்பிடிக்காத எஃகு. வேர் வெட்டுவதற்காக விளிம்பைத் தீட்டி வைத்திருப்பேன். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதை உறுதியாகச் சொல்வேன்.

வயலின் மூலையில் பழைய களிமண் பள்ளம் ஒன்று இருக்கிறது. முள்மரம் நிற்கிற இடம். அங்கே கலப்பை போவதில்லை. மண் மிருது. இருந்தாலும் பொழுது சாயும்வரை ஆயிற்று. நடுவில் என் சாண்ட்விச்சையும் அவனுடையதையும் சாப்பிட்டேன். சாப்பாட்டை வீணாக்கினால் அவனுக்குப் பிடிக்காது. அவன் உடம்பிலிருந்த உலோகம் எல்லாவற்றையும் எடுத்தேன். இடுப்பு வார், கடிகாரம், சாவிகள், சட்டைப் பையில் இருந்த சில்லறை, கயிறு கோர்க்க உலோக வளையங்கள் வைத்த பூட்ஸ். எங்களைப் போன்றவர்கள் யாராவது வந்து அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது. வெள்ளிக் காசைக் கையில் வைக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் உலோகம்தான், எனவே வைக்கவில்லை. உங்கள் மேசைமேல் நான் வைத்த இந்த உறையில் இருப்பது அதுதான். இடுப்பு மூட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டடிக்கு மேல் தோண்ட என் முதுகும் விடவில்லை.

குழியை மூடினேன். மிதித்துச் சமப்படுத்தினேன். மேலே புல்லைப் பழையபடி வைத்தேன்.

அவன் காரை ஓட்டிப் போய்க் கடற்கரைப் பாறைக்கு மேலே நிறுத்தினேன். அருங்காட்சியகத்தின் கடிதத்தை முன்னிருக்கையில் வைத்தேன். பேருந்தில் திரும்பினேன். அவன் கடலில் விழுந்துவிட்டான் என்று உங்கள் போலீஸ் ஆட்களும் அப்படியே நம்பினார்கள். நான் குறை சொல்லவில்லை. கேரன் வந்தபோது அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பொய்க் காசு விவகாரத்தில் அப்பா மனம் உடைந்திருந்தார் என்று சொன்னேன். ஒரு மகளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். என் தோளில் சாய்ந்து அழுதாள். அருங்காட்சியகம் வரைபடத்திலிருந்து புள்ளியை எடுத்துவிட்டது. ஊரில் அவனை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டு நோக அவன் இல்லையே.

அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. பார்லி நிற்கும்போதும் வரப்போரமாக மூலைக்குப் போய்விடுவேன். வட்டை அந்த இடத்தின்மேல் ஒருமுறை நகர்த்துவேன். அகலமான, தாழ்ந்த ஒலி. வயலில் வேறு எதுவும் அப்படி ஒலிக்காது. லாம்பர்ட் தூரத்திலிருந்து கையசைப்பார். நண்பனை மறக்காத மனுஷன் என்று அவர் மனைவியிடம் சொன்னாராம்.

போன சனிக்கிழமை அவர் என்னிடம் வந்தார். அறுவடை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் ஞாயிறு வயலைச் சங்கங்களுக்குத் திறந்துவிடுகிறேன், ஏதோ தர்ம காரியத்துக்கு நிதி திரட்டுகிறார்கள், நூற்றைம்பது பேர் வருகிறார்கள் என்றார். நீயும் வா, உனக்கு ஆட்கள் கூட இருந்த மாதிரி இருக்கும் என்றார்.

நான் இங்கே வந்திருப்பது அதற்காக மட்டும்தான். மனச்சாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். நூற்றைம்பது பேரில் ஒருவனுக்கு அந்த ஒலி கேட்கும். அவன் நெவிலை அறியாதவன். கையைத் தூக்கி மற்றவர்களைக் கூப்பிடுவான். படம் எடுப்பார்கள். அது சரியில்லை.

உங்கள் ஆட்களை முள்மரத்துப் பக்கமிருந்து மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். முடிந்ததும் குழியை மூடச் சொல்லுங்கள். லாம்பர்ட் அதில் கண்டிப்பு.

போன சனிக்கிழமை அவர் போன பிறகு நெவிலின் பிளாஸ்க்கைத் திறந்து வைத்தேன். ஆறியதும் புல்லில் ஊற்றினேன். அரை மணி ஆகியிருந்தது. அவன் என் காலடியில்தான் இருந்தான் என்றாலும், இருநூறு அடிக்கு எட்டுகிற குரலில், வழக்கம்போல் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஏதாவது கெடச்சுதா, நெவில்?"