படையலில் நாசிகோரேங்

கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"மகன்ட முப்பத்தோராம் நாள் படையலுக்கு நாசிகோரேங் வைச்சன் அக்கா."

"மலேசியாவால வந்து ஞாயிற்றுக்கிழமையில ஆக்குவானே, அந்தச் சோறா?"

"ஓம். அவன் ஆக்குறதப் பாத்திருக்கன், நான் ஆக்கினதில்ல. சோயா சோஸில உப்பு இருக்கெண்டு தெரியாம, உப்பும் அள்ளிப் போட்டுட்டன்."

"ருசி பாக்கலயா?"

"படைக்கிற சோத்த முதல்ல நாம வாயில வைக்கலாமா? காகம்கூட ஒருக்காக் கொத்திப்போட்டுப் பறந்திட்டு."

பஸ் பாலத்தில் ஏறியது. இருவரும் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சத்தக் கொட்டினியா?"

"இல்லக்கா, எல்லாத்தையும் நானே திண்டன். அவன் ஆக்கின நாளில சட்டியில ஒரு பருக்கையும் மிஞ்சினதில்லயே."