ஏணியடிச் செருப்பு

டீ நல்லா இருக்கு மேடம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ரெக்கார்டர் ஓடுதா? ஓடட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். நான் வரிசையா சொல்லிட்டு வர்றேன், நடுவுல வெட்டாம கேளுங்க. கேள்வியெல்லாம் கடைசில வச்சுக்கலாம். நான் வேலை செய்ற முறையும் அதுதான்.

பேரு ஸ்ரீதர். வயசு நாப்பத்தாறு. வீடு சிதம்பரத்துல, வடக்கு வீதிக்குப் பின்னால. பதினோரு வருஷமா தினம் கடலூர் பஸ்ஸைப் புடிச்சு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசல்ல இறங்குறேன். சாயத்துக்கு மூலப்பொருள் காய்ச்சுற கம்பெனி. நான் அங்க கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர். எல்லாரும் சட்டையில வாடையோட வீட்டுக்குப் போவாங்க, எனக்கு ஏசி ரூம்.

டேங்க பத்தி முதல்ல சொல்லிடுறேன், அது தெரியலன்னா மீதி புரியாது. மூணு ஆள் உயர இரும்பு டேங்க். உள்ள கலக்குறதுக்கு நாலு இறக்கை. வீட்டு மிக்ஸிதான், பெருசு. ஒவ்வொரு தடவை சரக்கு எடுத்தப்புறமும் ஒரு ஆள் மேல இருக்கற வாய் வழியா உள்ள இறங்கி, சுவத்துல ஒட்டுனத சுரண்டணும். ஆள் உள்ள இருக்கறப்ப மோட்டார் ஓடக்கூடாது. யாரு உள்ள, யாரு வெளியன்னு இத்தன வருஷமா ஒரு நோட்டுல எழுதிட்டிருந்தாங்க. அத கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர்ற வேலைய எனக்குக் குடுத்தாங்க.

ஒரு கம்பெனிக்கு சிஸ்டம் கட்ட ரெண்டு வழி இருக்கு மேடம். ஒண்ணு, எல்லாரையும் உக்கார வச்சு என்ன வேணும்னு கேட்டு, கேட்டத எழுதி, எழுதினதுல கையெழுத்து வாங்கி, அப்புறம் கட்டுறது. கையெழுத்துக்கு அப்புறம் ஒரு புள்ளி மாறாது. இன்னொண்ணு, கொஞ்சமா கட்டி, வேலை செய்றவங்ககிட்ட காட்டி, அவங்க மூஞ்சி போற போக்கப் பாத்து மாத்தி, மறுபடி காட்டுறது. இப்ப படிச்சிட்டு வர்ற பிள்ளைங்களுக்கு ரெண்டாவதுதான் பிடிக்குது. எங்க பிரிவுல காயத்ரின்னு ஒரு பொண்ணு, நீங்க விசாரிச்சிருப்பீங்க. கெட்டிக்காரப் பொண்ணு. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டேங்க் கிட்ட போய் நிக்கலாம் சார்"னு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டேங்க் கிட்ட நின்னா மூக்கு எரியும், சிஸ்டம் வராது.

நான் ஆறு மாசம் உக்காந்து எழுதினேன். இருநூத்திப் பன்னண்டு பக்கம். ஷிஃப்ட் சூப்பர்வைசர் பக்கிரிய நாலு தடவை ரூமுக்கு வரவழைச்சேன். கிள்ளை பக்கத்து ஆளு, முப்பது வருஷ சர்வீஸ். நாற்காலி நுனியில உக்காந்திருப்பாரு. "உள்ள ஆள் இல்லன்னு எப்படி உறுதி பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"செருப்ப பாப்பேன் சார்."

"என்னது?"

"ஏணி அடியில செருப்பு கெடந்தா ஆளு உள்ள கீறான்னு அர்த்தம். செருப்பு போயிருந்தா ஆளும் போயிட்டான்."

விஷயம் சின்னதுதான். ஏணி வழுக்கும். அதனால செருப்ப அடியில கழட்டிட்டு வெறுங்காலோட ஏறுவாங்க, ரப்பர் பூட்ஸ் மேல டேங்க் வாய்கிட்ட இருக்கும். ஒரு மனுஷன் தன் செருப்ப விட்டுட்டு எங்கயும் போமாட்டான். பக்கிரிக்கு முழங்கால் வலி, மேல ஏற முடியாது, அதனால அவருக்கு செருப்புதான் கணக்கு. நான் ஆவணத்துல 'கண்ணால் சரிபார்த்தல்'னு எழுதினேன். இருநூத்திப் பன்னண்டு பக்கத்துல செருப்புன்னு எழுத எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பக்கிரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாரு. படிச்சுப் பாத்தீங்களான்னு கேட்டேன். "நீங்க எழுதினா கரெக்ட்டாதான் சார் இருக்கும்"னாரு. அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

சிஸ்டம் ரொம்ப எளிமை. ஏணி பக்கத்துல ரெண்டு பட்டன். இறங்குறவரு தன் அட்டைய காட்டி 'உள்ளே' அழுத்தணும், வந்ததும் 'வெளியே' அழுத்தணும். உள்ளன்னா திரை சிவப்பு, மோட்டார் பூட்டிக்கும். வெளியன்னா பச்சை, பூட்டு திறக்கும்.

ஆனா பத்து மணிக்கு மேல டீ வரும் மேடம். ஆளு வெளிய வருவாரு, பட்டன அழுத்துவாரு, பச்சையாயிடும். டீய குடிச்சிட்டு, இன்னும் ரெண்டு சுரண்டல்தானேன்னு மறுபடி இறங்கிடுவாரு. அப்ப பட்டன அழுத்த மாட்டாரு. அவருக்கு அது ஒரே வேலை, டீக்கு அப்புறம் இறங்குறதெல்லாம் புதுசா இறங்குனதுல சேராது. இத யாரும் என்கிட்ட சொல்லல. நானும் கேக்கல.

ஆறு வாரம் பழசையும் புதுசையும் சேத்து ஓட்டிப் பாக்கணும்னு பிளான்ட் மேனேஜர் ஞானசேகரன் சொல்லியிருந்தாரு. திரையும் பச்சையா இருக்கணும், பக்கிரியும் சரின்னு சொல்லணும், அப்பதான் மோட்டார். அந்த ஆறு வாரத்துல மூணு தடவை ஆள் உள்ள இருக்கறப்ப திரை பச்சை காட்டிடுச்சு. மூணு தடவையும் பக்கிரி செருப்ப பாத்து நிறுத்திட்டாரு. காயத்ரி இத மீட்டிங்ல எல்லாரும் இருக்கறப்ப எடுத்துச் சொல்லுச்சு. ஞானசேகரன் சிரிச்சாரு. "என்னங்க ஸ்ரீதர், உங்க சிஸ்டத்தைவிட செருப்பு மேல போலிருக்கே." சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுவோம், சரிப்படலன்னா காயத்ரி அது வழியில திருப்பிக் கட்டட்டும்னாரு. எனக்கு அன்னிக்கி சோறு இறங்கல.

மாத்துறது மூணு நாள் வேலைன்னு காயத்ரி சொல்லுச்சு. உண்மைதான். ஆனா கையெழுத்தானத மாத்துனா நான் எழுதினது தப்புன்னு ஆயிடும். பதினோரு வருஷமா அந்த ஆளுங்க முன்னால நான் தப்பு பண்ணதில்ல. அதனால செருப்பு ஒரே ஒரு தடவை தப்பாகணும்னு முடிவு பண்ணேன். சிஸ்டத்துக்கு மூணு தடவை, செருப்புக்கு ஒரு தடவை. நியாயம்தான?

திங்கக்கிழமை என் பழைய செருப்பு ஒரு ஜோடிய கொண்டு போயி, ஆளே இல்லாத அஞ்சாம் நம்பர் டேங்க் ஏணியடில போட்டேன். பக்கிரி வேலைய நிறுத்தணும், டேங்க் காலின்னு தெரியணும், செருப்பு பொய் சொல்லுதுன்னு எல்லாரும் பாக்கணும். அவ்வளவுதான் என் திட்டம். அவரு வந்தாரு, குனிஞ்சு பாத்தாரு. "இது நம்ம ஆளுங்க செருப்பு இல்லியே. எவன் எப்படித் தேய்ப்பான்னு எனக்குத் தெரியாதா"ன்னாரு. அப்புறம் என் காலப் பாத்தாரு. அளவு பாத்திருப்பாரு போல.

பாய்லர் ரூமுக்குப் பின்னால வாங்க சார்னு மெதுவாதான் கூப்பிட்டாரு. போனதும் சட்டைய கொத்தாப் புடிச்சு சுவத்துல மோதினாரு. கையில அந்தச் செருப்பு இருந்துச்சு. கன்னத்துல ரெண்டு, வாயில ஒண்ணு. "உசுரோட வெளாடுறியா? உள்ள எறங்குறவன்லாம் எங்க ஊட்டு ஆளுங்கடா. இன்னிக்கி ஆளு இல்லாதப்ப செருப்பு கெடந்தா, நாளைக்கு கெடக்கறப்ப எவன்டா நம்புவான்?" உதடு கிழிஞ்சு சட்டையில ரத்தம். வீட்டுல பஸ் கம்பி இடிச்சிடுச்சுன்னு சொன்னேன். பக்கிரி மேல புகார் குடுக்கல. எனக்குக் கோவம் வரல மேடம். யாரும் பாக்கல, அதனால அது நடந்ததாவே நான் எடுத்துக்கல.

வியாழக்கிழமை காலைல மூணாம் நம்பர்ல ஆண்டி இறங்கியிருந்தாரு. பக்கிரியோட தங்கச்சி புருஷன், ஐம்பது வயசு ஆளு. பத்து இருபதுக்கு டீ வந்துச்சு. மேலேர்ந்து வந்தாரு, 'வெளியே' அழுத்தினாரு, செருப்ப மாட்டிக்கிட்டுப் போயி டீ குடிச்சாரு. திரும்பி வந்து செருப்ப ஏணியடில விட்டுட்டு ஏறினாரு. பட்டனத் தொடல. அவரு கால் மேல மறையிற வரைக்கும் நான் நின்னேன். அப்புறம் செருப்ப எடுத்து லேப்டாப் பைக்குள்ள வச்சு ஜிப்ப மூடினேன். பக்கத்துல இருந்த ட்ரம்முக்குப் பின்னால தள்ளினா பக்கிரி கண்டுபிடிச்சிடுவாரு.

பக்கிரிய நான்தான் கூப்பிட்டேன். மூணாம் நம்பர் பச்சையாயிடுச்சு, பாத்துக்குங்கன்னேன். திரையப் பாத்தாரு. ஏணியடியப் பாத்தாரு. என்ன நம்பல, குனிஞ்சு ட்ரம் பின்னாலயும் பாத்தாரு. "மச்சான்"னு மேல பாத்து ஒரு குரல் குடுத்தாரு. கம்ப்ரசர் சத்தத்துல என் காதுக்கே அது விழல, வாயசைஞ்சதுதான் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் "சரிதான் சார்"னுட்டு மோட்டார் பட்டன அழுத்தினாரு. ஆறு வாரத்துல ரெண்டும் அவ்வளவு சுத்தமா ஒத்துப்போனது எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

மிக்ஸில தேங்காச் சில்லு மாட்டிக்கிட்டா ஒரு முட்டல் வரும் பாருங்க, மொதல்ல அதுதான். அப்புறம் மனுஷக் குரல். ரொம்ப நேரம் இல்ல. மோட்டார் கொஞ்சம் திணறிச்சு, அதுக்கப்புறம் லேசா ஓட ஆரம்பிச்சுது. பக்கிரி நிறுத்துறதுக்குள்ள பதினோரு செகண்டு. அந்த முழங்காலோட அவரு ஏணியில ஏறின வேகத்த நீங்க பாக்கணும். உள்ள குதிச்சுட்டாரு. அடி வால்வு வழியா கழுவின தண்ணி வாய்க்கால்ல வந்துச்சு, செவப்பா, நடுவுல ஒரு துணி. ஆண்டிய ஒரே தடவையில மேல கொண்டு வர முடியல. பாவம், பக்கிரி இப்ப பெரியாஸ்பத்திரில இருக்காரு. பட்டன அழுத்தின கைய சுவத்துல அடிச்சு அடிச்சு விரல் அத்தனையும் ஒடச்சிக்கிட்டாராம். கைய கட்டிலோட கட்டி வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க.

மத்தது உங்களுக்குத் தெரியும். செருப்பு இல்ல, சத்தியமா இல்லன்னு பக்கிரி கத்துனத யாரும் நம்பல. ஆண்டி சம்சாரம் தைலம்மாள்தான் பிணவறை வாசல்ல, "அவரு செருப்பு எங்கய்யா? நீல நூல்ல நான் தைச்சுக் குடுத்தது"ன்னு கேட்டுட்டே இருந்துச்சு. வலை பின்னுற நைலான் நூல். ஞாயித்துக்கிழமை சிஸ்டத்த பத்தி விளக்கம் கேக்க என் வீட்டுக்கு வந்தீங்க. ஷூவோடயே வரலாம் மேடம்னேன். நீங்க கேக்கல, குனிஞ்சு கழட்டுனீங்க. பக்கத்துல அது இருந்துச்சு.

ஏன் அங்க வச்சீங்கன்னு அன்னிக்கே கேட்டீங்க. செருப்ப வேற எங்க மேடம் வைக்கிறது, வீட்டுக்குள்ளயா? குப்பையில போடப் போனேன், மனசு வரல. என் சம்சாரம் ஸ்ரீமதி மூணு நாளா வாசலப் பாத்துட்டு "யாரு வந்திருக்கா"ன்னு கேட்டுட்டிருந்தா. யாரும் இல்லன்னுதான் சொன்னேன்.

கேள்வி இருந்தா இப்ப கேக்கலாம்.

வியாழக்கிழமை அஞ்சு டேங்க்ல அஞ்சு பேரு இறங்கியிருந்தாங்க, சரிதான். ஏன் ஆண்டி? மூணாம் நம்பர் பக்கமா இருந்துச்சு, அதான்.

இல்ல. பக்கமா இருந்தது ரெண்டாம் நம்பர். நீங்க போய்ப் பாத்திருக்கீங்க, மறுக்கல. சொல்லிடுறேன். திங்கக்கிழமை பாய்லர் ரூம் பின்னால குழாய்ல ஆண்டி கால் கழுவிட்டிருந்தாரு. எல்லாத்தையும் பாத்தாரு. வெளிய ஒரு வார்த்தை சொல்லல, நல்ல மனுஷன்தான். ஆனா புதன்கிழமை ஏணியடில செருப்ப கழட்டுறப்ப என்ன நிமிந்து பாத்து, "இங்கயே உடட்டுமா சார், இல்ல உங்களுக்கு வேணுமா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு சிரிச்சாரு. பகையா இல்ல, சும்மா கிண்டலுக்குத்தான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

எழுதிக்குங்க. அவரு உள்ள இருக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செருப்ப எடுத்தேன், தெரிஞ்சுதான் அவரு மச்சானையே கூப்பிட்டு பட்டன அழுத்த வச்சேன். கையெழுத்து எங்க வேணுமோ காட்டுங்க, பக்கத்துக்குப் பக்கம் போடுறேன்.

ஆனா ஒண்ணு மேடம். சிஸ்டம் தப்பு பண்ணிச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க. காயத்ரிகிட்ட சொல்லி மூணாம் நம்பர் பதிவ எடுத்துப் பாருங்க, ஆண்டி பத்து இருபதுக்கே வெளிய வந்துட்டாரு.