ஒரு வீலுக்குப் பத்து நட்டு

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயில், ஞாயிற்றுக்கிழமை. எதிர் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள் மடியில் பேப்பரை விரித்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இளைஞர் எந்த நாட்டு ராணுவம் பெரியது என்று செல்போனில் வந்த பட்டியலைப் படித்துக் காட்டினார்.

"டாங்கியெல்லாம் எண்ணாத தம்பி," என்றார் கணவர். "ராணுவ பலம்னா ஒரு வீலுக்கு பத்து நட்டு. அது டைட்டா கீதான்னு பாரு, போதும்."

"ஃபேக்டரியில இருக்கீங்களா சார்?"

"ஆமா. மிலிட்டரி லாரிக்கு வீல் மாட்டறது எங்க செக்‌ஷன்."

"வீட்ல குக்கர் பிடி மூணு மாசமா ஆடிக்கினு கீது," என்றார் மனைவி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவரு நாட்டை டைட் பண்றாராம்."

"குக்கர் இன்னா சண்டைக்கா போவுது? லாரி நட்டுன்னா நான் ரெண்டு தபா பாப்பேன் தம்பி. முடுக்கிட்டு, மறுபடியும் ஸ்பேனர் வெச்சு இன்னொரு தபா. ஷிப்ட் முடிஞ்சாலும் பாக்காம கெளம்ப மாட்டேன்."

"ரூல்ஸே அப்படியா சார்?"

"ரூல்ஸுக்கு ஒரு தபா போதும்." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி இளைஞரிடம் சொன்னார்: "எங்க பெரிய பையன் பார்டர்ல அந்த லாரிதான் ஓட்றான். அவன் மிலிட்டரில சேந்த பிறகுதான் இவருக்கு ரெண்டு தபா. அதுக்கு முன்ன வரைக்கும் நாட்டுக்கு ஒரு தபா போதும்னுதான் இருந்தாரு."