தோர்ன்லி பஸ்ஸும் ஒரு காலிஃபிளவரும்

…மூணேகால் ஆயிடுச்சா? ரெண்டே முக்காலுக்கு வரவேண்டியது. இதவிட்டா அடுத்த புதன்கிழமைதான், வாரத்துக்கே ஒரு பஸ். மலைக்கு அந்தாண்ட, தோர்ன்லி முதியோர் இல்லத்துல எம் பொண்டாட்டி பெரில் இருக்கா. நாலு மணிக்குக் கதவச் சாத்திருவாங்க. போன வாரமே என்னைப் பாத்து, யாரைத் தேடி வந்தீங்கன்னு மரியாதையாக் கேட்டா. அடுத்த வாரம் வரைக்கும் எம்பேரு அவகிட்ட தங்குமோ என்னமோ.

நீங்க புதுசாக் குடிவந்தவங்கதானேம்மா? உங்க வீட்டுக்குப் பக்கத்துல செவப்புக் கதவு என்னுது. ஊர் கவுன்சிலோட வாடகை வீடா இருந்தப்ப தெருவுக்கே பச்சைக் கதவுதான். வெலைக்கு வாங்கின அன்னிக்கே செவப்படிச்சேன். செவப்பு அவங்க கட்சிக் கலராச்சே, அதப் பாத்து நம்ம ஆளுன்னு தொழிலாளர் கட்சிக்காரன் ஓட்டு கேட்டு வந்துட்டான். வந்த வழியே வெரட்டினேன். எங்கப்பா சுரங்கத் தொழிலாளர் சங்கத்து ஆளு, அதுக்கப்புறம் ரெண்டு வருசம் எங்கூடப் பேசல. சரி, அது வேற கதை.

எனக்கு யாரு தூக்கிக் குடுத்தா? பதினாலு வயசுல சந்தையில மூட்ட தூக்கினேன். பேரம் பேசிப் பேசியே சொந்தக் காய்கறிக் கடை, சொந்த வேன். அவனவன் பாட்ட அவனவன் பாக்கட்டும், அதான் என் கட்சி. இப்ப கண்ணு மங்கிப்போச்சுன்னு லைசென்ஸப் புடுங்கிட்டாங்க. வேன் வாசல்ல நிக்குது, பூனை படுக்க.

முன்னெல்லாம் அரைமணிக்கு ஒரு பஸ் வரும்மா… யாரு நிறுத்தினாங்கன்னா? இப்படிப் பொசுக்குன்னு கேட்டுட்டீங்களே. காலி பஸ்ஸுக்கு நம்ம வரிப்பணம் எதுக்குன்னு ஒரு மனு. அது… என் கடையிலதான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டா ஒரு காலிஃபிளவர் இனாம். இருநூத்திப் பன்னெண்டு பேரு போட்டாங்க. பாதிப்பேரு அந்தப் பஸ்லயே வந்து எறங்கினவங்க. நல்ல காலிஃபிளவர்மா, அதுல கொறை சொல்லமுடியாது.

பெரில் மட்டும் போடல. “உன் வேன் எத்தன நாளைக்கு ஓடும், வில்ஃப்?”னு கேட்டா. வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சின்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கிவெச்சிருந்தேன்.

அந்த நீலக் கார் உங்க வீட்டுக்காரரா? கெளம்புறீங்களா? போங்க, போங்க. நாலு மைலுதான், இந்த முட்டியோட நடந்தே… ஒரு நிமிசம்மா. கார்க் கதவச் சாத்தாதீங்க. தோர்ன்லி வழியாப் போவீங்களா? பதிலுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. இனாமாத்தான் கேக்கறேன்.